கிள்ளானிலிருந்து இருதயப் பரிசோதனைக்கு: இரண்டு நாள் பயணம்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் சேவியர் அண்ணனுக்குக் கோலாலம்பூரில் ஆஞ்சியோகிராம் செய்யத் தேதி கிடைத்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். படி ஏறினால் நெஞ்சு இறுகியது. மூன்று வகை மாத்திரை விழுங்கியும் பிரஷர் இறங்கவில்லை. ரீத்தா அண்ணியால் உடன் வர முடியவில்லை. அவர் ஆறு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவர், அன்று அவருக்கும் முறை. ஆகவே நான் கிளம்பினேன்.

கிள்ளானில் காலை ஏழு மணி கொமுட்டர் ரயிலைப் பிடித்தோம். கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்று கூடுதல். ஷா ஆலமுக்குப் பிறகு உட்கார இடம் கிடைக்காது, நோயாளியோடு போகிறவர்கள் கிள்ளானிலேயே ஏறிவிடுங்கள். சென்ட்ரலுக்குள் நடக்கும் தூரமே அதிகம். அண்ணன் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அங்கிருந்து இருதய மருத்துவமனைக்குக் கிராப் வாடகைக் கார்.

"ஹார்ட்டா அண்ணே?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா செக்கப் லா," என்றார் அண்ணன்.

ஆஞ்சியோகிராம் முடிந்து, பிற்பகலில் டாக்டர் எங்களிடம் வந்தார். இளம் பெண், தமிழ் பேசினார். "அங்கிள், ஹார்ட்ல மூணு அடைப்பு இருக்கு. பைபாஸ் பண்ணணும். உங்க பிரஷர் அடங்கல, கிட்னி ரீடிங்கும் ஏறிக்கிட்டே போகுது. அதான் காலையில சொன்ன மாதிரி, அதே டியூப்ல கிட்னிக்குப் போற ரத்தக் குழாயையும் பாத்தோம். இடது பக்கம் ஏறக்குறைய மூடிருச்சு. வலதும் சுருங்கியிருக்கு."

"ஹார்ட்டுக்குத்தானே டாக்டர் வந்தேன்," என்றார் அண்ணன், தவறான கவுண்டருக்கு அனுப்பப்பட்டவர்போல.

கிட்னிக் குழாயில் ஸ்டென்ட் வைத்தால் சரியாகுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாதாம். மருந்தை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பைபாஸைத் தள்ளிப்போட முடியாது. அந்த ஆபரேஷனைக் கிட்னி தாங்குமா என்பதுதான் கவலை என்றார்.

அன்றிரவு அண்ணன் வார்டில் தங்கினார். எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் தொண்ணூறு ரிங்கிட்டுக்கு ஓர் அறை. ஜன்னல் இல்லை, ஆனால் சுத்தம். கீழே வாழை இலைச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்கள். நான் ரசத்தோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் திரும்பும் ரயிலில், சுபாங் ஜெயா தாண்டியதும் அண்ணன் வாயைத் திறந்தார். "ஸ்டெல்லா, கிட்னி விஷயம் அண்ணிகிட்ட வேணாம்."

"எத்தன நாளைக்கு மறைப்பீங்க?"

"பைபாஸ் முடியட்டும். அவளுக்கு அவ பாடே போதும்."

வீட்டில் அண்ணி கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பைபாஸ் என்றதும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அண்ணனை உட்காரவைத்து, அவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி நிரம்பவில்லை. இந்த வீக்கத்தை அண்ணி தன் காலில் பார்த்துப் பழகியவர்.

"கிட்னியுமா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்பது அவருக்கே தெரியும்.

"நீ ஒண்ணும் கவலப்படாத," என்றார்.

"கவலப்பட்டு என்னாங்க ஆகப்போவுது? என்னைய டயாலிசிஸ் சென்டருக்கு யாரு கூட்டிட்டுப் போவா, அதச் சொல்லுங்க."

அதன் பிறகுதான் அண்ணன் அழுதார். அண்ணி அழவில்லை.

ஆகஸ்டில் பைபாஸ் நடந்தது. இருதயம் பிழைத்தது, கிட்னி திரும்பவில்லை. இப்போது இருவருக்கும் டயாலிசிஸ்: அண்ணிக்குத் திங்கள், புதன், வெள்ளி. அண்ணனுக்கு மற்ற மூன்று நாட்கள். ஒரே நாளில் சென்டரில் இடம் கிடைக்கவில்லை. அழைத்துப் போவது நான்.

இதே பயணம் போகிறவர்களுக்கு: மாத்திரைகளை உறையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் பல மருந்துக்கும் அடங்காதவர் என்றால், கிட்னியின் ரத்தக் குழாய்களைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்டிருந்தால் எங்களுக்கு வேறு மாதிரி முடிந்திருக்குமா என்று தெரியாது. டாக்டரும் தெரியாது என்றுதான் சொன்னார்.

ஞாயிறு மட்டும் இருவருக்கும் ஊசி இல்லை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். உள்ளே வா என்று அண்ணி கூப்பிடுவார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துவிடுவேன்.