சுவரில் இருந்த கரிக்கோடுகள்

ஐம்பதுகளில் நான் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தேன். ஒருநாள் எங்கள் வீட்டுப் பசு மிரண்டு கயிற்றை இழுத்ததில் என் மனைவியின் வலது தோள் பிசகிவிட்டது. குணமான பிறகும் கை தோளுக்கு மேலே எழவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீட்டிலேயே செய்யச் சொல்லி ஒரு பயிற்சி காட்டினார். சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெல்ல மேலே நகர்த்த வேண்டும். வலி தொடங்கும் இடத்தில் கரியால் கோடு போட வேண்டும். அவள் தினமும் அடுப்படிச் சுவரில் செய்தாள்.

"என்னாடி, பல்லியாட்டம் சுவத்துல ஊர்ற?" என்று சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். இரண்டு மாதத்தில் கோடுகள் அவள் நெற்றிவரை ஏறின.

பொங்கலுக்கு நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அந்தக் கோடுகள் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் விருந்தாளிகள் என்ன நினைப்பார்களோ என்று, அவற்றின்மேல் மட்டும் இரண்டு தரம் அடித்தேன்.

கோயிலிலிருந்து வந்தவள் ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்து எதுவரைக்கும் கை போச்சுன்னு இனி எப்பிடிங்க எனக்குத் தெரியும்?"

"நல்ல நாளும் அதுவுமா அந்தக் கரியைத்தான் பாத்துட்டு இருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அதன்பிறகு அவள் அந்தச் சுவரிடம் போகவே இல்லை. கை மறுபடி இறுகிப்போனது. உப்புச் சாடி இருந்த பலகையை நானே ஒரு முழம் கீழே இறக்கி அடித்தேன். இன்றுவரை அவளுக்குக் கொண்டை போட்டுவிடுவதும் நான்தான்.

அந்தப் பொங்கலன்று அடுப்பில் கரி இருந்தது. "வா, மறுபடி ஒரு கோடு போடலாம்" என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.