அண்ணன் வாயில் மாமா தேடிய பல்

அண்ணே, உன்னைக் குளிப்பாட்டப் போன இடத்தில் மாமா முதலில் கேட்டது தண்ணீர் இல்லை, டார்ச்.

"வாயில பொய்ப் பல்லு வச்சிருந்தானே? அத எடுத்துட்டுத்தான் அடக்கணும், மார்க்கச் சட்டம்."

காமாலையில் நீ போய் இன்னும் ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அதற்குள் புவனகிரியிலிருந்து வந்து இறங்கி உன் வாயைக் கணக்கெடுக்கிறார்.

ஒரு கல்யாணப் பிரியாணியில் நல்லி எலும்பைக் கடித்து உன் கடைவாய்ப் பல் பாதி உடைந்தபோதும் தீர்ப்புச் சொன்னது இவர்தான். "புடுங்கிப் போட்டுட்டுத் தங்கத்துல கட்டுடா. சிரிச்சா நாலு பேருக்குத் தெரியணும்." கடைவாய்ப் பல் வெளியே தெரிகிற மாதிரி சிரிக்க மாமாவால்தான் முடியும்.

நீ அவர் பேச்சைக் கேட்காமல், கடலூரிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனாய். டாக்டரம்மா சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்து, நல்ல பாதியை அப்படியே விட்டு, அச்சு எடுத்து லேபுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் வந்த துண்டு உன் பல்லின் நிறத்திலேயே, மேடு பள்ளத்தோடு இருந்தது. உடைந்த இடத்தில் பொருத்தி ஒட்டி, நீல வெளிச்சம் காட்டினார். எந்தப் பல் என்று தெரியாமல் மாமாவுக்கு ஒரே எரிச்சல். "ஒண்ணுமே தெரியல. இதுக்கு எதுக்குடா செஞ்ச?"

இப்போது அவரேதான் தேடினார். "கட்டிங் பிளேயர் கொண்டாங்கப்பா!"

நான் உன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "மாமா, அது கழட்டி மாட்ற செட்டு இல்ல. பல்லோட பல்லா ஒட்டுனது. இழுத்தா அவன் சொந்தப் பல்லுதான் ஒடையும்."

"எட்டாவது ஃபெயிலு, நீ எனக்கு மார்க்கம் சொல்றியா?" என்றவர் ஒரு பல்லைத் தொட்டார். "இதோ! பளபளன்னு இருக்கு பாரு."

மையித்தாகக் கிடந்த உன் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டேன். "மாமா, அது அல்லா குடுத்தது."

குளிப்பாட்ட வந்தவர் டார்ச்சை வாங்கி அணைத்தார். "ஒட்டுனது ஒடம்போட சேந்துபோச்சு பாய். மையித்த நோவடிக்காதீங்க. தண்ணிய ஊத்துங்க."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று மாமா நகர்ந்தார். எங்கள் குடும்பத்தில் செய்த கெடுதல் எல்லாம் இந்தப் பேச்சோடுதான் முடியும்.

உன் வாயை நானே மூடினேன். தாடைத் துணியையும் நானே கட்டினேன். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

இதைப் படிக்கிற எல்லோரும், எந்த மதமானாலும் சரி, என் அண்ணனுக்காக துஆ கேளுங்கள். அடக்கிய பின் கபுருக்குள் வானவர்கள் வந்து கேட்கும் கேள்விகளுக்கு அவன் வாய் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும்.