குளோரின் கணக்கில் நான் விட்ட தப்பு

என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அன்று வேதியியல். முந்தின நாள் சாயந்திரம் எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான்தான் அவளுக்கு மோல் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். படித்து முடித்ததும் மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவள், இருபது வருடமாகக் கோப்புகளில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்த படிப்பு உதவுகிறதே என்று அந்தச் சாயந்திரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு புள்ளி ஒரு கிராம் குளோரின் வாயு முழுவதும் சோடியத்தோடு சேர்ந்தால் எவ்வளவு உப்பு கிடைக்கும் என்பது கணக்கு. முப்பத்தைந்தரையால் வகுத்தேன், இரண்டால் பெருக்கினேன், அதை உப்பின் மோல் எடையான ஐம்பத்தெட்டரையால் பெருக்கி இருபத்து மூன்று புள்ளி நான்கு கிராம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"புரிஞ்சுதாடி?"

"அச்சா, புரிஞ்சுது" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பதினோரு மணி டீயின்போது பக்கத்து சீட் தோழியிடம் அதையே பெருமையாக ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். அவள் வேதியியல் படித்தவள் இல்லை.

"இதுக்கு சோடியம் எவ்வளவு வேணும்?"

"ஒன்பது புள்ளி ரெண்டு கிராம்."

"ரெண்டையும் கூட்டினா பதினாறு சொச்சம்தானே வருது? உப்பு மட்டும் எப்படி இருபத்து மூணு வரும்?"

காகிதத்தை இழுத்து முதல் வரியிலிருந்து மறுபடி பார்த்தேன். குளோரின் வாயுவில் அணுக்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். எழுபத்தொன்றால் வகுத்திருக்க வேண்டும். விடை பதினொன்று புள்ளி ஏழு. முதல் வருடத்தில் படித்த பாடம் அது.

தேர்வு பன்னிரண்டரைக்குத்தான் முடியும். அவளிடம் போன் கிடையாது. இருந்திருந்தாலும் என்ன சொல்வது? உட்கார்ந்தேன், எழுந்தேன், ஒரு கோப்பைத் திறந்து முதல் பத்தியையே நாலு தடவை படித்தேன். வாயு என்று வந்த இடத்திலெல்லாம் பிள்ளை இதே தப்பைத்தான் செய்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது. கடைசியில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன்.

"பையா, மந்திர் மார்க். ஜல்தி."

ஜல்தி போய் என்ன செய்யப்போகிறேன் என்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். பள்ளி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. முக்கால் மணி நேரம் வேப்ப மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்தேன். என் நடையைப் பார்த்து அவரே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். உட்கார முடியவில்லை.

மணி அடித்து அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோய் ஓடி வந்தாள்.

"என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்லடி. நேத்து நான் சொன்ன குளோரின் கணக்கு தப்பு. எழுபத்தொண்ணு போடணும்."

அவள் மூச்சு விட்டாள். "அதுக்கா வந்தே? எனக்கு நேத்தே தெரியும்மா. ரூமுக்குப் போய் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்."

"ஏண்டி சொல்லலை?"

பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "நீ அவ்ளோ குஷியா இருந்தே. விடுன்னு தோணிச்சு."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அவள்மேலா என்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்கு தாளில் வரவே இல்லையாம். அமிலத்தில் காரத்தை அளந்து சேர்த்துப் பார்க்கும் டைட்ரேஷன் கணக்கு ஒன்று வந்ததில் பாதிதான் போட்டிருந்தாள். அது நான் சொல்லிக்கொடுக்காத பாடம்.

இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். இறங்கும்போது, "இனிமே தப்புன்னா அப்பவே சொல்லிடு" என்றேன்.

சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் டைட்ரேஷனுக்கு உட்கார்ந்தோம். இரண்டாவது வரியிலேயே, "அம்மா, மில்லிலிட்டரை லிட்டரா மாத்தலை" என்று பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டேன்.