பிஸ்கட் டின்னுக்குள் ஒரு விசில்

குணரத்தினத்தின் காதுகளைத் தொழிற்சாலை தின்றது. அதை அவர் நிரூபிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அவருடைய மூன்று நண்பர்கள். இதை முதலில் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் எழுதும் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும்.

செய்தி வந்தபோது நான் அதே தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்தேன். டென்மார்க்கின் ஹேர்னிங் ஊர்த் தமிழர்களின் ஃபோன் குழுவில், அந்த மூவரில் ஒருவரான தேவன் மாமா எழுதியிருந்தார்: "எங்கள் ஆருயிர் நண்பர், இசைப்பிரியர் குணம் இன்று காலை மாரடைப்பால் காலமானார்." கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. 'இசைப்பிரியர்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இன்னொரு வரி எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். இடைவேளை முடிந்தது. பாதி தின்ற பாண் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன். அழுவதற்கு அங்கே இடைவேளை கிடையாது.

நான் அந்தக் கம்பளத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது என்னிடம் கார் இல்லை. குணம் மாமாதான் ஏற்றி இறக்கினார். சொந்த மாமா அல்ல, அப்பாவின் வயது. காருக்குள் அவர் கதைப்பது அடுத்த காருக்கும் கேட்கும். "மாமா, நான் பக்கத்திலைதான் இருக்கிறன்" என்றால், "இருந்தால் நல்லது, விழுந்துபோனாய் எண்டு நினைச்சன்" என்பார். கதை எப்போதும் ஒன்றுதான்: பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர். சீனாவிலிருந்து தபாலில் வரும், உள்ளங்கை அளவு போர்டு. அதில் இருக்கும் மலிவான கப்பாசிட்டர்களைக் கழற்றி நல்லவற்றைப் பொருத்துவார். கம்பிச் சுருள்களை மாற்றுவார். பழைய லாப்டொப் சார்ஜரால் மின்சாரம் கொடுப்பார். ஸ்பீக்கர்கள் பழைய சாமான் கடையில் எடுத்தவை. "விலை கூடின சாமானிலை நல்ல சத்தம் வாறதிலை என்ன புதினம்? அது அதின்ர கடமை. மலிவு சாமானைப் பாட வைக்கிறதுதான் வேலை" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

ஞாயிறு மத்தியானங்களில் அவர் வீட்டில் மூன்று பேர் கூடுவார்கள்: தேவன், ராசன், பாலா. நான்கு பேரும் அகதிகளாக வந்த காலத்திலேயே இதே தொழிற்சாலையின் நெசவுப் பிரிவில் சேர்ந்து, ஒரே மெஷின் வரிசையில் நின்றவர்கள். குணம் மாமா ஒரு போர்டை மாற்றிவிட்டுப் பழைய பாட்டொன்றைப் போடுவார். பிறகு சண்டை.

"இப்ப குரல் முன்னுக்கு வந்திட்டுது" என்பார் தேவன் மாமா.

"எங்கை வந்தது? முந்தியே நல்லாயிருந்தது. நீ பழுதாக்கிப்போட்டாய், குணம்."

"ராசன், நீ முதல் காதைக் கழுவிப்போட்டு வா."

"என்ன?"

"காதை!"

மேல் வீட்டு டேனிஷ் கிழவி ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். பாட்டைக் குறைக்கச் சொல்ல வரவில்லை. பாட்டு அருமையாம். பாட்டுக்கு நடுவில் நடக்கும் கூச்சலைத்தான் நிறுத்த முடியுமா என்று கேட்டார். நான்கு பேரும் வெட்கப்பட்டு, தாங்கள் குசுகுசுப்பதாக நினைத்துக்கொண்டு, அதே சத்தத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்தக் கூட்டங்களில்தான் நெசவுப் பிரிவின் பழைய கதைகளையும் கேட்டேன். அந்த நாளில் காதுமூடி யாரும் தரவில்லையாம். தரையில் கிடந்த கம்பளிப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு நின்றார்களாம். "எனக்குச் சிவப்புப் பஞ்சு, இவனுக்குப் பச்சை. தூரத்திலை பாத்தால் ரெண்டு பேரும் தோடு போட்ட மாதிரி" என்று பாலா மாமா சொல்ல, நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு ஞாயிறு அவர் புதிய பெட்டியைக் காட்டினார். நீல நிறப் பட்டர் பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு போர்டுகள், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்று, இரண்டுக்கும் ஒரே சார்ஜர். பாட்டு முடிந்தது. மெல்லிய, ஊசி போன்ற ஒரு சத்தம் அறையில் நின்றது. "மாமா, உந்த விசிலை என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டேன்.

"எந்த விசில்?"

"உது. இப்பவும் கேக்குது."

"பிள்ளை பகிடி விடுது" என்றார் ராசன் மாமா.

குணம் மாமா சிரிக்கவில்லை. இந்த போர்டுகள் நொடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. அது மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால் இரண்டு போர்டுகளின் வேகம் சற்று வேறுபட்டு, ஒரே மின்சாரத்தில் ஓடினால், அந்த வித்தியாசம் விசிலாக வெளியே வரும். இது அவருக்குத் தெரியும். தனக்குக் கேட்கவில்லை என்பதுதான் தெரியாமல் இருந்தது. என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஒரு போர்டை நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார். விசில் வந்தபோதெல்லாம் கையை உயர்த்தினேன். ஒருதரமும் பிழைவிடவில்லை.

சமைத்துக்கொண்டிருந்த மாமி, குணம் மாமாவின் மனைவி, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "உது அண்டைக்குப் பூட்டின நேரம் தொடக்கம் கத்துது. நீங்கள் நாலு பேரும் வேணுமெண்டு வைச்சிருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்."

நான்கு ஆண்கள் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு யாரும் கப்பாசிட்டரைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை.

குணம் மாமா காது டொக்டரிடம் போனார். உயர்ந்த ஓசைகள் போய்விட்டன, இது இரைச்சலில் நின்று வேலை செய்தவர்களின் காது, வேலையால் வந்த பாதிப்பு என்று இழப்பீட்டு அலுவலகத்தில் பதியுங்கள் என்றார் டொக்டர். பதிந்தார். கம்பனியின் பதில் சுருக்கமானது: முதல் நாளிலிருந்தே காதுமூடி கொடுத்தோம். அதைப் பொய் என்று சொல்லக்கூடியவர்கள் ஹேர்னிங்கில் மூன்றே பேர். மற்றவர்கள் இறந்துவிட்டார்கள், அல்லது ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

அவர் மூவரையும் கூப்பிட்டுக் கேட்டார். நானும் அங்கே இருந்தேன். "எனக்காக வேண்டாம். நீங்களும் போய்ச் சோதியுங்கோ. நாலு பேருக்கும் ஒரே ஓசை போயிருந்தால் அவங்களாலை மறுக்கேலாது."

"வந்த நாட்டிலை வழக்கு என்னத்துக்கு? வேலை தந்தவங்கள்" என்றார் தேவன் மாமா. அவருடைய மகன் இப்போது அங்கே மேற்பார்வையாளர்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம். தகப்பன் செவிடு எண்டு கதை போனால்?" என்றார் ராசன் மாமா.

"எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றார் பாலா மாமா. மெதுவாகச் சொன்னார். அந்த வீட்டில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில் நான் பிறக்கவே இல்லை. குணம் மாமாவின் விண்ணப்பம், காது போனது வயதால் என்று நிராகரிக்கப்பட்டது. நாற்பது வயதிலேயே அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைக்கப் பழகிவிட்டார் என்று மாமி சொன்னதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கே நான் எதையும் மிகைப்படுத்தப்போவதில்லை. காது கேளாததால் அவர் சாகவில்லை. இதயம் நின்றது. ஆனால் அதன் பிறகு ஞாயிறுகளில் யாரும் வரவில்லை. இதைக் குணம் மாமா ஒருவரிடமும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். "இன்னொரு சார்ஜர் பூட்டினால் விசில் நிண்டிடும், மாமா, உங்களுக்குத் தெரியும்தானே" என்று ஒருநாள் கேட்டேன். "தெரியும். நிக்க வேண்டாம். எனக்குக் கேளாததை வேறை ஆரும் கேட்டால்தான் நான் பொய் சொல்லேல்லை எண்டு தெரியும்" என்றார். வீட்டுக்கு வந்த இளம் ஆட்களிடமெல்லாம் "கேக்குதோ?" என்று கேட்டார். ஓம் என்றால் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த டின் இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாடு முடிந்ததும் மாமி அதைத் தந்தார். "கொண்டு போ பிள்ளை. அவர் இல்லாத வீட்டிலை உது மட்டும் கத்துது." நான் இன்னும் அதே தொழிற்சாலையில் நிற்கிறேன். இப்போது காதுமூடி தருகிறார்கள். மெஷின் சத்தம் மாறினால் கவனிக்க வேண்டும் என்று கழற்றவும் சொல்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் டின்னைப் போட்டு விசில் கேட்கிறதா என்று பார்க்கிறேன். கேட்கிறது. மறுநாளும் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்: விசிலும், அது ஒருநாள் நின்றுவிடும் என்ற பயமும்.

மாமி டின்னைத் தருவதற்கு முன் நடந்ததையும் சொல்கிறேன். குணம் மாமாவின் படத்துக்கு முன்னால் மாமி தேவாரம் போட்டிருந்தார். போட்டது அந்த டின்னில்தான். பதிகம் முடிந்ததும் விசில் தனியே நின்றது. சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று பேரும் வாழை இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

தேவன் மாமா எழுந்து, குணம் இசைக்காகவே வாழ்ந்தவன் என்று பேசினார். முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எழுந்தேன்.

"மாமா, அவருக்குக் காதுமூடி தந்தவங்களோ?"

"பிள்ளை, இண்டைக்கு உது கதைக்கிற நாளோ?"

"வேறை நாள் நீங்கள் வரேல்லையே." நான் மற்றப் பக்கம் திரும்பினேன். அந்த அறையில் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாத சத்தத்தில், சொல் சொல்லாகக் கேட்டேன். "பாலா மாமா, உங்கட காதிலை இருந்த பஞ்சு என்ன நிறம்? எல்லாருக்கும் முன்னாலை ஒருக்காச் சொல்லுங்கோ."

பாலா மாமா என்னைப் பார்த்தார். பிறகு இலையை மடித்தார்.

"என்ன நிறம், மாமா? சொல்லுங்கோ."