அடிக்குரல்காரர்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பகுதியில், நான் வீட்டுவேலைக்குப் போன ஐயாவுக்கு எண்பத்தைந்து வயது; அவர்களின் வழக்கப்படி 'சிஞ்ஞோர்' என்றே அவரைக் கூப்பிடுவேன். நெடிய உருவம், தடித்த கழுத்து. கோப்பி கொதித்து வரும்வரை அடுப்பருகே நின்று, "தூம், தூம்" என்று அடித்தொண்டையில் முனகுவார்.

அது ஒரு பாட்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இளவயதில் நியூயோர்க்கில் மாமன் வீட்டில் இருந்தபோது, நான்கு நண்பர்களோடு தெருமுனையில் நின்று வாத்தியமில்லாமல் பாடியிருக்கிறார். ஒருவன் காதல் வரிகளைப் பாட, மற்றவர்கள் பின்னால் சொல்லில்லாத ஒலிகளைக் கொடுப்பார்கள்; இவருடையது அந்தத் "தூம், தூம்". ஐவருமாக ஒரு இசைத்தட்டும் பதிந்தார்கள். அது வெளிவருமுன் தாய்க்குச் சுகமில்லை என்று கடிதம் வர, இவர் பலெர்மோவுக்குக் கப்பலேறிவிட்டார். இசைத்தட்டின் உறையில் நால்வரின் படம்தான் வந்தது. பாட்டோ எங்கும் பிரபலமாகிவிட்டது.

இவர் அதை முதன்முதலில் கேட்டது வுச்சீரியாச் சந்தையில், ஒரு பாரில். காசு போட்டால் பாடும் பெட்டியில் யாரோ அதைப் போட்டார்களாம்.

நாங்கள் இத்தாலிய மொழியில் கதைத்தது, என் நினைவில் தமிழாகவே இருக்கிறது.

"அதிலை உங்கட குரலும் இருக்கெண்டு அங்கை சொன்னனீங்களோ, சிஞ்ஞோர்?"

"இல்லை."

"ஏன்?"

எனக்கும் ஒரு கோப்பி ஊற்றித் தந்தார்.

"மீன் விக்கிறவையெல்லாம் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டு நிண்டவை. நான் வாயைத் திறந்தால் என்னையெல்லோ பாத்திருப்பினம்? பாட்டைக் கேட்டிருக்கமாட்டினம்."

நானாக இருந்தால் மேசைமேல் ஏறிக் கத்தியிருப்பேன். அந்த வயதில் அவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒரு சொல்லும் பேசாமல் எப்படித் தாங்கினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.