பலகையில் அவர் கணவர் பெயர்

நான் கோல்ஃப் கிளப்பில் பை தூக்கினேன். கேடி என்பார்கள். ஆற்றோரக் குடிசையிலிருந்து நடந்தே போய்விடலாம். படிப்பு ஐந்தோடு சரி. வேறு வேலை தேடவில்லை.

பல வருடம் ஒரே மேடத்தின் பைதான். மயிலாப்பூர் வீட்டுக்காரம்மா. கணவர் பெரிய வக்கீல். அவரும் ஆடுவார்; பந்து மரத்தில் போய் மோதும். மேடம் அடித்தால் சத்தமே வேறு. பெண்கள் கோப்பையை வரிசையாக வாங்கினார். கைதட்டினால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

கிளப் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை உண்டு. ஜெயித்தவர் பெயரை இங்கிலீஷில், தங்க நிறத்தில் எழுதுவார்கள். ஆண் ஜெயித்தால் அவர் பெயர். பெண் ஜெயித்தால் திருமதி போட்டு, கணவர் பெயர். அந்தக் கிளப்பில் அதுதான் வழக்கம். பெண்ணின் பெயர் எங்கேயும் வராது.

மேடம் ஒருநாள் பலகையைக் காட்டிச் சொன்னார்.

“அடிக்கறது நான். பேர் அவருக்கு. நன்னாயிருக்கு, இல்லே?”

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் வக்கீல் சார் அவரை விட்டுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி, முறையாகத்தான். மெம்பர் அவர். அவர் மனைவி என்பதால்தான் மேடம் உள்ளே வந்தார். மனைவி இல்லை என்றதும் கேட் மூடியது. லாக்கர் சாவி புது மேடத்திடம் போனது. நானும் போனேன்.

மற்ற கேடிகள் விடவில்லை.

“இன்னா நைனா, பெரியம்மா போயி சின்னம்மா வந்துட்டாங்களாமே?”

“அவனுக்கு இன்னாடா, அதே பை, அதே தோளு.”

புது மேடம் தரையைத்தான் அடிப்பார். புல் பறக்கும், பந்து அங்கேயே கிடக்கும். விருந்தாளிகள் பலகையைப் படித்துவிட்டு, “நீங்களா இது? இத்தனை வருஷமா?” என்று வாயைப் பிளப்பார்கள். இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மெட்ராஸ் என்பதைச் சென்னை என்று மாற்றிய சமயம். கிளப்பில் பெரிய ஆட்டக்காரிகளுக்கென்று ஒரு சுவர் ஒதுக்கினார்கள். படம் மாட்டி, கீழே பித்தளைத் தகடு. பலகையில் எந்தத் திருமதி அதிகம் இருக்கிறாரோ அவர்தான் முதல்.

மேடம் அப்போது பாலவாக்கத்தில் வாடகைக்கு இருந்தார். கேள்விப்பட்டு, விழா அன்று சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாட்ச்மேன் விடவில்லை; நடந்ததை அவனே அப்புறம் சொன்னான். மெம்பர் யாராவது கையெழுத்துப் போட்டால் விருந்தாளியாக வரலாம். கூட ஆடிய பெண்களின் கார்கள் அவரைத் தாண்டி உள்ளே போயின. ஒரு அம்மா மட்டும் கண்ணாடியை இறக்கினார்.

“தப்பா எடுத்துக்காதேடி. உன் ஆத்துக்காரருக்கு சங்கடமாப் போயிடும்.”

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடி ஏறியது.

மேடம் என்னையும் கிளப் செக்ரட்டரியையும் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேரும் கேட்டுக்குப் போனோம்.

“படம் யாருதையாவது மாட்டிக்கோங்கோ. தகட்டுல என் பேரைப் போடுங்கோ. போதும்.”

“பலகைல உங்க பேர் எங்க மேடம் இருக்கு?” என்றார் செக்ரட்டரி.

“ஊர் பேரையே மாத்திட்டா. ஒரு தகட்டுல முடியாதா?”

“ஊரு கவர்மென்டோடது. இது மெம்பருங்களோடது.”

மேடம் என்னைக் காட்டினார். “இவனைக் கேளுங்கோ.”

“இவங்கதான் சார் ஜெயிச்சாங்க. எல்லாக் கோப்பையும்,” என்றேன்.

செக்ரட்டரி சிரித்தார். “யாருப்பா இல்லேன்னது? எல்லாருக்கும் தெரியும். தெரியறது வேற, எழுதறது வேற. போ, உள்ள மேடம் போட்டோவுக்கு நிக்கறாங்க. பைய எடுத்துக்கிட்டுப் போ.”

போனேன். புது மேடம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் என்னைப் பின்னால் நிற்கவைத்தார். பழைய படங்களில் நான் இருப்பேனாம், பொருத்தமாக இருக்குமாம். திரும்பிக் கேட்டுக்கு வந்தபோது ஆட்டோ இல்லை.

அந்தப் படம்தான் சுவரில் ஏறியது.

இரண்டு மழைக்காலம் போனது. மேடம் செத்துப்போனார். அவர் வீட்டில் வேலை செய்தவள் கிளப் வாசலுக்கு வந்து சொன்னாள். பலகையில் பெயர் உள்ளவர் செத்தால் கிளப் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார்கள். அன்று ஆட்டமும் கிடையாது. செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“திருமதி அதோ காபி குடிச்சிட்டிருக்காங்களே. உயிரோட இருக்கறவங்களுக்குக் கொடிய இறக்கினா என் வேலை போயிடும்பா.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கொடி இறங்கவில்லை. ஆட்டம் நடந்தது. எனக்கும் பை இருந்தது. முடித்துவிட்டு பெசன்ட் நகர் சுடுகாட்டுக்குப் போனேன். சொந்தக்காரர் யாரும் இல்லை. எரித்துவிட்டிருந்தார்கள். அங்கே வேலை செய்பவன் செத்தவர் பெயரைக் கேட்டான்.

எனக்கும் மேடம் என்றுதான் தெரியும்.