சாட்சி இல்லாதவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு மேசை ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றியது. துணைமின் நிலையத்தில் பொறியாளரான மகள் ஒயரை ஈயத்தால் பற்றவைத்தாள். அப்பா டார்ச் பிடித்தார். பாதி வேலையில் வெளிச்சம் தரைக்கு இறங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், அவர் கண்ணை மூடியிருந்தார்.

"ஃபேனுக்கெல்லாமா ஜெபம் பண்ணுவீங்க?"

"ஃபேனுக்கு இல்லம்மா. அவங்க வீட்டுல அதுக்கு முன்னாடி படுத்திருக்கிறவருக்கு. நீ வேலையப் பாரு."

"வெளிச்சம் இருந்தாத்தானப்பா பாக்கறதுக்கு."

ஃபேனின் சொந்தக்காரர் ஒரு கொத்தனார்; தன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு காலத்தில் அப்பாவின் சபையில், ஆண்டவர் தன்னை மாற்றிய கதையை அவரைப்போல் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. குடிவெறியில் கூட்டாளியைக் குத்தப் போன இடத்தில் ஆண்டவர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்; கத்தி கைநழுவி விழுந்ததாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 'நீங்கள் எப்போது ரட்சிக்கப்பட்டீர்கள்?' என்று போதகர் அப்பா பக்கம் திரும்பினால், அப்பா தலையைச் சொறிவார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கலைங்கய்யா. சின்ன வயசுலேர்ந்து இங்கதான் இருக்கேன்."

சபையே சிரிக்கும். 'இங்கதான் இருக்கேன்' அவருக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டும் வேலை. கறுப்பு போகாத விரல்களால், விடிந்ததும் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வேதத்தைப் புரட்டுவார். அம்மா நோயில் விழுந்தபோது, பிழைக்க வேண்டுமென்று மன்றாடினார். அம்மா பிழைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில், பக்கத்து இடம் வெறிச்சென்று கிடக்க, எல்லாப் பாட்டும் பாடினார். மகள் அன்றோடு ஆராதனைக்குப் போவதை விட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனபோது சபை திரண்டு போய்ப் பார்த்தது, பிறகு அலுத்து நின்றுவிட்டது. அப்பா மட்டும் ஞாயிறுதோறும் போய் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வந்தார். கொத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம். "அதனால என்ன, காது ஒண்ணு என் பக்கம்தான இருக்கு" என்பார் அப்பா.

கண்டென்சர் மாற்றியதும் ஃபேன் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொல்லி, ஒயரைச் சுருட்டிப் பழைய ஷூ கயிற்றால் கட்டிவைத்தார். ஞாயிறு வருவதற்குள் அவருக்கு நெஞ்சுவலி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மகளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: வாழ்நாளெல்லாம் காத்திருந்தவருக்குக் கடைசியிலாவது ஏதேனும் தென்பட வேண்டும். காதருகே குனிந்து கேட்டாள்.

"ஏதாவது தெரியுதாப்பா?"

"ஒண்ணும் தெரியலம்மா. இருட்டாத்தான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கதான் இருக்கேன்" என்றார். அது அவளிடம் சொன்னதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை.

அடக்க ஆராதனையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். பொய் சொல்ல மனமில்லை. உண்மையைச் சொன்னால் அவர்கள் தாங்க மாட்டார்கள்.

பிறகு கொத்தனாரின் மனைவி ஃபோன் செய்தார்.

"அப்பா போயிட்டத அவர்கிட்ட இன்னும் சொல்லலம்மா, எனக்குத் தைரியம் வரல. ஃபேனக் கொண்டு வரும்போது நீயே சொல்லிடு. இப்பல்லாம் சுவரப் பாக்கறதே இல்ல. வாசலத்தான் பாத்துட்டுப் படுத்திருக்காரு."

வருகிறேன் என்றாள். போனால் சொல்ல வேண்டும். சொன்னால், ஒரு சங்கீதம் வாசி என்பார். இரண்டு தடவை ஃபேனைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள்.

அப்பா கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. ஃபேன் இன்னும் அவள் வீட்டு வாசலோரம் இருக்கிறது.